என் சின்ன பிஸ்டல் விழுங்க மறுத்த தோட்டாக்கள்

வாங்கிய புதிதில் என் பிஸ்டல் 150 ரவுண்டு, அதாவது 150 தோட்டா வரை ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அந்த 150-தான் என்னை ஏமாற்றியது.

9 மி.மீ. ரகம், மூன்று அங்குல பேரல் (குழல்), கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் ஏழு தோட்டா. சட்டைக்கு அடியில் இடுப்பில் வைத்தால் துருத்தாது. அதற்காகத்தான் வாங்கினேன். எந்த கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. கீழே வரும் கோளாறுகளில் பாதி என்னால் வந்தவை. மீதி, இந்த அளவில் இருக்கும் எந்த பிஸ்டலுக்கும் வரக்கூடியவை.

அந்த 150-உம் பயிற்சிக்காக எல்லோரும் வாங்கும் சாதாரண ரகம். முழுக்கச் செம்பு உறை போட்ட, உருண்டை மூக்குள்ள 115 கிரெயின் குண்டு. (தோட்டாவின் நுனியில் இருந்து பறந்து போகும் பகுதிதான் குண்டு. ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். 115 கிரெயின் என்றால் ஏழரை கிராம்.) ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் தளத்தில், இது ஓடிய வேகத்தைப் பார்த்து, 'சரி, பிஸ்டல் நம்பகமானது' என்று முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் இடுப்பில் வைத்துக்கொள்வதற்கென்று ஹாலோ பாயிண்ட் ஒரு பெட்டி வாங்கினேன். மூக்கில் குழி உள்ள குண்டு, 124 கிரெயின், பெட்டிக்கு இருபது. விலை சாதாரணத் தோட்டாவைப்போல இரண்டரை மடங்கு. இவ்வளவு கொடுத்து வாங்கியதைக் காகிதத்தில் ஓட்டை போட்டு வீணாக்குவதா என்று நினைத்து ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்க்காமல் மேகசினில் நிரப்பி மூன்று மாதம் சுற்றினேன்.

எங்கள் ரேஞ்சில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பயிற்சி கொடுப்பார். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் சும்மா பேச்சுவாக்கில் கேட்டார்.

"இடுப்புல என்ன தோட்டா வெச்சிருக்கே தம்பி?"

"ஹாலோ பாயிண்ட்ண்ணே."

"சுட்டுப் பார்த்தியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. "இன்னிக்கு மொதல்ல அதைச் சுடு" என்று மட்டும் சொன்னார்.

முதல் தோட்டா வெடித்தது. (அந்த முதல் தோட்டாவைப் பற்றி அப்புறம் தனியாகச் சொல்ல வேண்டும்.) இரண்டாவதுக்கு விசையை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தால் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பாதி வழியில் நின்றிருந்தது. உள்ளே தோட்டாவின் மூக்கு பேரலுக்குக் கீழே உள்ள சரிவில் முட்டிக்கொண்டு, பின்பக்கம் தூக்கியபடி நின்றது. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, அதை வெளியே எடுத்தேன். செம்பு உறையின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. இருபதையும் சுட்டு முடிப்பதற்குள் இதே மாதிரி நான்கு முறை ஆனது.

இருபதில் நான்கு. மூன்று மாதமாக நான் இடுப்பில் சுமந்தது இதைத்தான்.

ஏன் சிக்குகிறது என்று புரிய, ஸ்லைடு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். சுட்டதும் ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி காலிக் கூட்டை இழுத்து வர, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது. திரும்பி முன்னால் வரும்போது ஸ்லைடு மேகசினின் மேல் தோட்டாவைத் தள்ளுகிறது. அந்தத் தோட்டா ஃபீட் ராம்ப் என்ற சரிவில் மூக்கை வைத்து ஏறி, பேரலின் பின்முனையில் உள்ள சேம்பர் என்ற அறைக்குள் நுழைகிறது. பெரிய பிஸ்டலில் இதற்கு இடமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. சின்னதில் இரண்டும் இல்லை. ஸ்லைடு பின்னால் போகும் தூரம் தோட்டாவின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஸ்லைடின் எடை குறைவு என்பதால் அதை அடக்க ரீகாயில் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். ஸ்லைடு போய்த் திரும்புவதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கித் தயாராக வைத்துவிட வேண்டும். சரிவும் செங்குத்தாக இருக்கும். உருண்டை மூக்கு அதில் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். வாய் அகன்ற ஹாலோ பாயிண்ட்டின் விளிம்பு அதே இடத்தில் தடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 29.69 மி.மீ. என்பது தரம். ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் பெரும்பாலும் இதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாக இருக்கும். அதனால் மூக்கு சரிவைத் தொடும் இடமும் கோணமும் மாறிவிடுகின்றன.

ஆக, கோளாறு தோட்டாவில்தான் என்று முடிவு செய்தேன். அதுவும் அரைகுறை முடிவுதான். அடுத்த வாரம் அதே தோட்டா இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் என் பிஸ்டலை வாங்கி, அதே மேகசினில், அதே தோட்டாவைப் பத்து சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தார். நான் பத்து சுட்டேன், இரண்டு சிக்கியது.

"பிஸ்டல் பின்னாடி போறப்ப உன் மணிக்கட்டும் கூடவே போவுது" என்றார். ஸ்லைடு முழுத் தூரம் ஓட வேண்டுமானால், அதைத் தாங்கும் பிஸ்டலின் கீழ்ப்பகுதி ஓரிடத்தில் நிற்க வேண்டும். கை தளர்ந்து மொத்த பிஸ்டலும் மேலே துள்ளினால், ஸ்லைடு ஓட வேண்டிய வேகத்தில் ஒரு பங்கு அந்தத் துள்ளலிலேயே கரைந்துவிடும். கனமான பிஸ்டல் தன் எடையாலேயே இதைச் சமாளித்துக்கொள்ளும். அரைக் கிலோகூட இல்லாத என் பிஸ்டலால் முடியாது. என் சுண்டு விரலுக்கு அதில் பிடிக்க இடமே இல்லை என்பது வேறு.

இதைக் கேட்டதும் பெரும்பாலானோர் 'சரி, பிடியைத் திருத்திக்கொண்டால் போதும்' என்று நிறுத்திவிடுவார்கள். நான் பிடியையும் திருத்தினேன், அந்தத் தோட்டாவையும் கைவிட்டேன். காரணம் எளிது. இந்தச் சின்ன பிஸ்டலை நிஜமாகவே எடுக்க வேண்டிய நாள் ஒன்று வந்தால், அன்று என் பிடி ரேஞ்சில் இருப்பதுபோல இருக்காது. ஒரு கை அடிபட்டிருக்கலாம், விழுந்து கிடக்கலாம், கை வேர்த்து வழுக்கலாம். நல்ல பிடிக்கு மட்டும் ஓடும் தோட்டா எனக்கு வேண்டாம். அன்றிலிருந்து எந்தத் தோட்டாவை எடுத்தாலும் ஒரு மேகசின் வலது கையால் மட்டும், ஒரு மேகசின் இடது கையால் மட்டும் சுட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இடது கையில் என் குறி கேவலமாக இருக்கும். பிஸ்டல் ஓடுகிறதா என்பதுதான் அப்போதைய கேள்வி.

அடுத்து 147 கிரெயின் ஹாலோ பாயிண்ட் ஒன்று. உதை மெதுவாக இருந்தது, சுட இதமாக இருந்தது. ஐம்பதில் ஒன்று, ஸ்லைடு முழுக்க மூடாமல் ஒரு நூல் இடைவெளியில் நின்றுவிட்டது. கட்டைவிரலால் தட்டினால் மூடிக்கொண்டது. ஐம்பதுக்கு ஒன்றுதானே என்று மனசு பேரம் பேசியது. விட்டுவிட்டேன். மூன்றாவதாக எடுத்தது 115 கிரெயினில், குழிக்குள் ரப்பர் போன்ற பொருள் அடைத்து மூக்கைக் கூர்மையாக்கிய ரகம். துணி வழியாகப் போகும்போது குழி அடைபட்டுக் குண்டு விரியாமல் போகக்கூடாது என்பதற்காக அந்த அடைப்பு. எனக்கு அதைவிடப் பெரிய லாபம், அந்த மூக்கு சரிவில் தடுக்காமல் ஏறியதுதான். இரண்டு மேகசினிலும் மாற்றி மாற்றி 200 சுட்டேன். ஒற்றைக் கையிலும் சேர்த்து. ஒன்றும் சிக்கவில்லை. பையில் இருந்த பணம் கரைந்தது உண்மை. ஆனால் முதலில் இருந்தே இதைச் செய்திருந்தால் மூன்று பெட்டி மிச்சம்.

எந்தக் குண்டு எவ்வளவு ஆழம் போகும், எவ்வளவு விரியும் என்று மணிக்கணக்கில் பேசலாம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் சோதனைகளில் ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று பார்க்கிறது. பலரும் அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். குட்டை பேரலில் குண்டின் வேகம் குறையும், அதனால் நீளமான பேரலில் அழகாக விரியும் குண்டு சின்ன பிஸ்டலில் விரியாமலும் போகலாம். அதற்கென்றே குட்டை பேரல் தோட்டாக்கள் விற்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் சேம்பருக்குள் போகாத தோட்டா எவ்வளவு விரிந்தால் என்ன?

இப்போது அந்த முதல் தோட்டா. இரவு வீட்டுக்கு வந்ததும் பிஸ்டலைக் காலி செய்து பூட்டிய பெட்டியில் வைப்பேன். மறுபடி வெளியே எடுத்துப் போகும்போது நிரப்புவேன். மேகசினின் மேல் தோட்டா சேம்பருக்குள் போகும், இரவு வெளியே வரும், அதையே திரும்ப மேகசினில் மேலாக வைப்பேன், மறுபடி சேம்பருக்குள் போகும். வாரத்தில் மூன்று நாள் என்று வைத்தாலும் மூன்று மாதத்தில் அந்த ஒரே தோட்டா முப்பது நாற்பது முறை சரிவில் மூக்கை மோதியிருக்கும். ஒவ்வொரு மோதலும் குண்டைக் கூட்டுக்குள் மயிரிழை மயிரிழையாகத் தள்ளும். கூட்டுக்குள் இடம் குறைந்தால், அதே வெடிமருந்து எரியும்போது அழுத்தம் ஏறும். சாதாரண 9 மி.மீ. தோட்டாவுக்கே அமெரிக்கத் தரத்தில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதிக அழுத்தத் தோட்டாவுக்கு, அதாவது பிளஸ்-பி ரகத்துக்கு, 38,500. அந்த எல்லைக்கு மேலே எங்கே போகிறோம் என்று தெரியாமல் சுடுவது நல்ல யோசனை இல்லை.

இதை அண்ணன் சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. புதுத் தோட்டா ஒன்றையும், சில வாரம் மேலாக இருந்த ஒன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். கண்ணுக்கே தெரிந்தது. வெர்னியர் காலிபரில் அளந்தால் ஒன்று 28.4, மற்றது 27.7. இப்போதெல்லாம் சேம்பருக்குள் போய் வந்த தோட்டாவின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்ததும் அது இடுப்புக்குப் போகாது. புதுத் தோட்டாவோடு வைத்து நீளம் பார்த்து, குறையாமல் இருந்தால் அடுத்த ரேஞ்ச் நாளில் சுட்டுத் தீர்ப்பேன். குட்டையாகியிருந்தால் சுடாமல் ரேஞ்சில் ஒப்படைத்துவிடுவேன். இன்னும் நல்ல வழி, தேவையில்லாமல் நிரப்பிக் காலி செய்யாமல், பிஸ்டலை ஹோல்ஸ்டர் உறையோடு அப்படியே பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிடுவது. கையாளுவது குறைந்தால் தவறுதலாக வெடிக்கும் ஆபத்தும் குறையும். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் பூட்டு விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் விவாதிப்பதில்லை.

கோடு போடும் பழக்கத்தோடு ஒரு நோட்டும் வந்தது. தேதி, தோட்டா ரகம், பெட்டியில் அச்சிட்ட லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது), எந்த மேகசின், மேகசினில் எத்தனையாவது தோட்டா, எப்படிச் சிக்கியது. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் 600 ரவுண்டு தாண்டியபோது, பிரச்சினையே இல்லாத உருண்டை மூக்குத் தோட்டா திடீரென்று சிக்க ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் ஆறு முறை. நோட்டைப் புரட்டினேன். ஆறும் இரண்டாம் எண் மேகசின். அந்த மேகசின் பயிற்சியில் சிமென்ட் தரையில் விழுந்தது நினைவுக்கு வந்தது. உற்றுப் பார்த்தால் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்பு ஒரு பக்கம் லேசாக விரிந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன், சிக்கல் நின்றது. மேகசினில் எண் எழுதியிருக்காவிட்டால் பிஸ்டலைக் குறை சொல்லி எங்காவது கொடுத்து அதன் சரிவை அரத்தால் ராவச் சொல்லியிருப்பேன். கடைசித் தோட்டாவில் மட்டும் தொடர்ந்து சிக்கினால் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்பதும் இந்த நோட்டு சொல்லிக்கொடுத்ததுதான்.

அடுத்த கோளாறு முழுக்க என் கைங்கரியம். ஒரு நாள் 'க்ளிக்'. வெடிக்கவில்லை. சில சமயம் தோட்டா தாமதமாக வெடிக்கலாம் என்பதால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. அன்று மூன்று. பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைப்பது) கெட்ட லாட் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் அந்த மூன்றையும் வாங்கி அடியைப் பார்த்தார். பிரைமரில் குத்து விழுந்திருந்தது, ஆனால் ஆழமே இல்லை. தன் பிஸ்டலில் போட்டுச் சுட்டார், மூன்றும் வெடித்தன. "எண்ணெய் எங்கெல்லாம் விட்டே?" என்றார். எல்லா இடத்திலும்தான். துருப்பிடிக்கக் கூடாது என்ற ஆர்வத்தில் பிரைமரைக் குத்தும் ஊசியான ஸ்ட்ரைக்கர் ஓடும் துளைக்குள்ளும் விட்டிருந்தேன். அது கரியோடு சேர்ந்து பசையாகி, ஸ்ட்ரைக்கர் சேற்றில் ஓடுவதுபோல ஓடியிருக்கிறது. அந்தத் துளை காய்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் தோட்டாவில் கசிந்தால் பிரைமரையே கெடுத்துவிடும். இப்போது ஸ்லைடு உரசும் தடங்களில் ஒவ்வொரு துளி, பேரலின் வெளிப்பக்கம் ஒரு துளி, அவ்வளவுதான். இடுப்பில் வைப்பதால் சட்டை நூலும் தூசியும் சேர்ந்துகொண்டே இருக்கும். சுடாவிட்டாலும் மாதம் ஒரு முறை கழற்றித் துடைக்கிறேன்.

'க்ளிக்' கேட்டால் பரவாயில்லை. 'பொக்' கேட்டால்தான் பயப்பட வேண்டும். பக்கத்து லேனில் ஒருவர் வேறு யாரோ வீட்டில் காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் மறுபடி நிரப்பிய தோட்டாக்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் மூடியைத் திறந்த மாதிரி சத்தம், உதையே இல்லை. அவர் வழக்கம்போல ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடப்போனார். அண்ணன் போட்ட சத்தத்தில் ரேஞ்சே நின்றது. கழற்றிப் பார்த்தால் பேரலின் நடுவில் குண்டு அடைத்துக்கொண்டிருந்தது. வெடிமருந்து இல்லாமல் பிரைமர் மட்டும் தள்ளிய குண்டு. அடுத்தது வெடித்திருந்தால் பேரல் கிழிந்திருக்கும், கைக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிக்கினால் தட்டு, இழு, சுடு என்று பழகும் பயிற்சி நல்லதுதான். ஆனால் அது காதை மூடிக்கொண்டு செய்யும் வேலை அல்ல என்று அன்று புரிந்தது. மறுபடி நிரப்பிய தோட்டாவை நான் பயிற்சிக்குக்கூடத் தொடுவதில்லை.

9 மி.மீ. வேண்டாம், உதை குறைவான .32 போதும் என்று எடுத்த நண்பர் ஒருவருக்கு வந்தது வேறு தொல்லை. .32 ஏ.சி.பி. என்பது 1899-ல் பிரௌனிங் வடிவமைத்த தோட்டா. அதன் அடி விளிம்பு கூட்டைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும். உருண்டை மூக்குத் தோட்டா மேகசினில் முன்பின் அசைய இடமில்லாமல் நிற்கும். குட்டையான ஹாலோ பாயிண்ட் போட்டால் முன்பின் நழுவி, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் வராது, மேகசினைக் கழற்றிக் குச்சியால் நோண்ட வேண்டும். அவர் பேசாமல் உருண்டை மூக்குக்குத் திரும்பிவிட்டார். அந்த பிஸ்டலுக்கு அதுதான் சரி என்பது என் எண்ணமும். 'ஹாலோ பாயிண்ட் இல்லாமல் எப்படி' என்று அவரிடம் கேட்டவர்களில் ஒருவர்கூட அப்படி மாட்டிய தோட்டாவை ஒரு முறையும் நோண்டி எடுத்தவர் இல்லை.

இப்போது என் பிஸ்டல் 1,900 ரவுண்டு பார்த்திருக்கிறது. ரீகாயில் ஸ்பிரிங்கைக் கையேட்டில் சொன்ன கணக்குக்கு மாற்றிவிட்டேன். புது ஸ்பிரிங் போட்டதால் இடுப்புத் தோட்டாவை மறுபடி குறைந்தது ஐம்பது சுட்டாக வேண்டும். போன வாரம் வாங்கிய பெட்டியைப் பார்த்தால் லாட் எண்ணும் வேறு. ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறேன். முதல் மேகசின் வலது கை, இரண்டாவது இடது கை. நோட்டில் புதுப் பக்கம் கோடு போட்டு வைத்தாயிற்று.